பால்பாறையில் பொங்காத பட்டை

என்னைக் கட்டிக்கொடுத்த ஊரில் பார்த்த இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது. ஆனால் சுத்தமானது என்று ஒன்றும் இல்லை. வடமதுரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வண்டிப்பாதையில் வெகுதூரம் நடந்தால் வரும் ஊர். பாதையில் வெள்ளைப் புழுதி. வேலிக் கள்ளியின் மேல் வெள்ளைப் புழுதி. மாட்டின் முதுகில், மோர்ப்பானையின் மூடியில், ஆண்களின் புருவத்தில் எல்லாம் அதுதான். மழை பெய்தால் பசையாகிக் காலில் அப்பும். காய்ந்தால் தோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உதிரும். கிணற்றுத் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கும். அதில் சோப்புப் போட்டால் நுரை வராது, அழுக்கு திரித்திரியாக மிதக்கும். தலைக்குக் குளித்தால் மயிர் சடை பிடிக்கும். பருப்பை எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் வேகாமல் பல்லில் வந்து நிற்கும், அதற்கும் நாகல் நகர்க்காரிக்குச் சமைக்கத் தெரியவில்லை என்ற பேர் வேறு. வெந்நீர் அண்டாவின் உட்புறம் ஒரு விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு ஏறியிருந்ததைப் பார்த்து முதல் நாளே முகம் சுளித்தேன்.

"அது ஒண்ணுஞ் செய்யாதுத்தா. நம்ம பாறையோட பாலு," என்றார் மாமியார்.

நான் ஒன்றும் பட்டுமெத்தையில் வளர்ந்தவள் இல்லை. திண்டுக்கல் நாகல் நகரில் அப்பாவுக்குச் சின்ன மளிகைக் கடை. காற்று திரும்பினால் தோல்ஷாப்பு நாற்றம் வீட்டுக்குள் புகுந்து சோற்றோடு சேர்ந்து தொண்டையில் இறங்கும். ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு மயிரை வழித்தெடுப்பார்கள். அந்தத் தொட்டித் தண்ணீர் ஓடும் சாக்கடையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். அந்தச் சுண்ணாம்பு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று அப்போது யார் யோசித்தார்கள்? கல்யாணமாகிப் போன பிறகுதான், வண்டி வண்டியாகச் சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கல் போவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் புகுந்த ஊர் கும்பிடுகிற பாறையைச் சுட்டுத்தான் எங்கள் ஊர் ஆட்டுத்தோலுக்கு மயிர் வழித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பாறை ஊருக்கு வெளியே தெற்கு வடக்காக நீண்டு கிடந்தது. பெரிய மலை என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் உயரம்கூடத் தேறாது. ஆனால் ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் நிற்பவர் யாரென்று தெரியாது, அவ்வளவு நீளம். மேலே வெயில் பட்டுக் கறுத்திருக்கும். உடைத்தால் உள்ளே சீனிக்கட்டி மாதிரி வெள்ளையாக மினுங்கும். அதற்குப் பால்பாறை என்று பெயர். தெற்கு முனையில் உடைத்துக் காளவாசலுக்கு விற்பார்கள். வடக்கு முனையில் மஞ்சள் பூசிச் சூடம் காட்டுவார்கள். நடுவில், சீமைக்கருவேல் மறைவில், ஊரே காலையில் ஒதுங்கும். ஒரே பாறைக்கு இந்த மூன்று உபயோகமும் இருப்பதில் அங்கே யாருக்கும் ஒரு கூச்சமும் கிடையாது. எனக்கு மட்டும்தான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முந்தானை மூக்குக்குப் போகும்.

வடக்கு முனைக்கு ஒரு வழக்கம் இருந்தது. தலைப்பிள்ளை பெற அம்மா வீட்டுக்குப் போன மருமகள், பிள்ளையோடு திரும்பி வரும்போது நேரே வீட்டுக்குள் போக முடியாது. முதலில் பாறைக்குப் போய்ப் 'பால் பார்க்க' வேண்டும். அரிவாள் முனையால் பாறையைச் சுரண்டிப் பொடி எடுத்து, அதன்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிய வேண்டும். பொடி புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கும். பொங்கினால் பாறை உத்தரவு கொடுத்துவிட்டது. அவள் பால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஆகும். பொங்காவிட்டால் ஆகாது. ஆகாத பாலைக் குடித்தால் பிள்ளை தங்காது. என் புகுந்த வீட்டில் அதுவரை எந்த மருமகளுக்கும் பொங்காமல் போனதில்லை. எல்லோரும் சுரண்டிச் சுரண்டிக் கிண்ணம்போலக் குழிந்துவிட்ட ஓரிடம் இருந்தது. பரம்பரையாக அங்கேதான் சுரண்டினார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் எனக்கு மகள் பிறந்தாள். மூன்றாம் மாதம் கூட்டிப்போக வந்தார்கள். வடமதுரையிலிருந்து மாட்டுவண்டி, ஓட்டியது என் வீட்டுக்காரர். பிள்ளை வழியெல்லாம் தூங்கிவிட்டாள். எனக்கு நெஞ்சு கனத்து, ரவிக்கை நனைந்து, புழுதி அதில் ஒட்டிக்கொண்டு ஒரே பிசுபிசுப்பு. எப்போது இறங்குவோம், எப்போது அவளை எடுத்து மடியில் போட்டுக்கொள்வோம் என்றே உட்கார்ந்திருந்தேன். வண்டி பாறை ஓரத்தில் நின்றது. மாமியார் முன்னால் போனார். அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள்.

கிண்ணக் குழியில் எவனோ வெளிக்கிருந்துவிட்டுப் போயிருந்தான்.

இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சொல்லவும் விருப்பமில்லை. அன்று காலையில்தான் போயிருக்க வேண்டும், ஈ மொய்த்தது. நடுப்பகுதியில் அவ்வளவு மறைவு இருக்க, அவசரமோ திமிரோ, வடக்கு முனைக்கே வந்திருக்கிறான்.

"எந்த நாறப்பயடா இவன், சாமி எடமுன்னுகூடப் பாக்காம," என்று மாமியார் வைதார். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு கிழக்கே கொஞ்சம் தள்ளி நடந்தார். "வாத்தா, பாறை அம்புட்டும் ஒரே தாயிதான. இங்கன சொரண்டு."

நான் சுரண்டினேன். பொடி வந்தது. கொஞ்சம் சாம்பல் பூத்த வெள்ளை. மாமியார் பழத்தைப் பிழிந்தார். சாறு பொடியில் ஊறி, ஈரமாகி, அப்படியே கிடந்தது. இன்னொரு பழம். அதுவும் அப்படியே. ஈரமண்ணைப் பார்ப்பதுபோல நான்கு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வண்டியில் பிள்ளை விழித்து அழ ஆரம்பித்தாள். அவள் குரல் கேட்டதும் எனக்குப் பால் தானாக இறங்கி வயிறு வரை வழிந்தது. நான் வண்டிப் பக்கம் திரும்புவதற்குள் மாமியார் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்.

"ஆகாதுத்தா. ஓம்பாலு ஆகாது."

நான் கெஞ்சினேன். நாளைக்கு அந்தக் குழியைக் கழுவிவிட்டு, எல்லோரும் சுரண்டுகிற இடத்திலேயே சுரண்டிப் பார்க்கலாம் என்றேன். அதற்கு வழியில்லை. பாறையிடம் ஒரு தடவைதான் கேட்க வேண்டுமாம். மறுதடவை கேட்டால் கோபித்துக்கொள்ளுமாம். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். சரியாக இருந்த கயிறு அது.

"அம்மா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றார், மாட்டைப் பார்த்து. அந்த மனிதரோடு நான் பிறகு நீண்ட காலம் குடித்தனம் நடத்தினேன். நல்லவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்த ஒரு பார்வையை மட்டும் என்னால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் மல்லிகைப் பூ வந்தது. சேவுகம்பட்டிப் பக்கத்திலிருந்து திண்டுக்கல் பூக்கடைக்கு வருகிற நல்ல குண்டுமல்லி. ஆனால் தலைக்கு வைக்க இல்லை. பால் வற்றுவதற்கு மார்பில் மல்லிகையை வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குக் கட்டுவார்கள். என் பிள்ளை அடுத்த அறையில் வீறிட்டுக்கொண்டிருக்க, எனக்குக் கட்டினார்கள். பழைய வேட்டித் துணியில் பூவைப் பரப்பி, மாமியாரே இறுக்கி முடிச்சுப் போட்டார். காலையில் பூ பழுத்துக் கறுத்திருக்கும். கசிந்த பால் அதில் புளித்திருக்கும். வியர்வை, பால், அழுகின பூ மூன்றும் கலந்து எழும் நாற்றத்தில் நான் கொல்லையில் போய் வாந்தி எடுப்பேன். அதற்குள் புதுப் பூ வந்துவிடும். பால் கட்டிக்கொண்டு கல்லாகி, காய்ச்சல் கண்டது. வலி தாங்காமல் முருங்கை மரத்தடியில் பீய்ச்சிவிடுவேன். சிறிது நேரத்தில் கட்டெறும்பு சாரி சாரியாக வந்துவிடும். எறும்புக்கு ஆகிற பால் என் பிள்ளைக்கு ஆகவில்லை. ஊரார் மல்லிகை வாசம் என்று கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் குமட்டுகிறது.

பிள்ளைக்கு ஆட்டுப்பால். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கலந்து, சங்கில் ஊற்றிப் புகட்டினார்கள். பாதி வாயோரம் வழியும். அதைத் துடைக்கிற துணியில் ஈ உட்காரும். வயிற்றாலே போனது. மூன்று மாதத்தில் மடிப்பு மடிப்பாக இருந்த தொடை, காற்றுப் போன பலூனாகத் தொங்கியது. அதற்கும் அவர்களிடம் பதில் தயாராக இருந்தது.

"பாத்தியா, மூணு மாசம் இவ குடுத்த பாலு இப்பத்தான் வேலையக் காட்டுது," என்றார் மாமியார்.

அப்பா ஒருநாள் ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு வந்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவுக வீட்டு வழக்கம்மா. நாம என்ன சொல்ல முடியும்," என்றார். பிறகு கோழிக்குழம்பு ஊற்றி வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அந்த இலையை நான்தான் எடுத்தேன்.

ஒருமுறை, மாமியார் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, மாட்டுக்கொட்டத்தில் சாணி நாற்றத்தின் நடுவே பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டேன். அவள் வாயை வைத்ததும் என் உடம்பு முழுக்க ஆறுதலாகிவிட்டது. அதற்குள் மாமியார் வாசலில் நின்றார். வைவார், அடிப்பார் என்று நினைத்தேன், தயாராகவும் இருந்தேன். அவர் ஓடிவந்து என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"எம் பேத்தியக் கொன்னுராதத்தா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

நடிப்பில்லை. பிடித்த காலை விடவே இல்லை. கொடுமைக்காரியாக இருந்தால் நானும் பதிலுக்கு மல்லுக்கு நின்றிருப்பேன். பிரியத்தோடு செய்கிற அநியாயத்தை என்ன செய்வது? பிள்ளையைக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு பூவோடு பாலும் மெல்ல அடங்கிப்போனது.

சில மாதம் கழித்து ஒரு ஜீப் வந்தது. பால்பாறைக் கல் சிமெண்டுக்குத் தேறுமா என்று பார்க்க ஓர் ஆபீசரை அனுப்பியிருந்தார்கள். புளிய மரத்தடியில் கூடாரம் போட்டுக்கொண்டார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். கண்ட இடத்தில் வெற்றிலைச் சாற்றைத் துப்புவார். வாயை வழித்த கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு அதே கையால் பிஸ்கட் எடுத்துத் தின்பார். வெயில், ஈ, தண்ணீர், வேகாத பருப்பு, எல்லாவற்றின்மேலும் அவருக்கு எரிச்சல். அந்த ஊரில் என்னைப் போலவே முகம் சுளித்துக்கொண்டிருந்த இன்னோர் ஆத்மா அவர் ஒருவர்தான்.

அவர் செய்த வேலைதான் ஊரையே கூட்டிவிட்டது. சுத்தியலால் பாறையைத் தட்டுவார். கண்ணாடிக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு ஆசிட் விடுவார். பாறை புஸ்ஸென்று நுரைக்கும்.

"ஆபீசரும் பாலு பாக்குறாருடி," என்று பெண்கள் வாயைப் பிளந்தார்கள். மாமியார் நுரைத்த இடத்தைப் பார்த்துக் கும்பிட்டே விட்டார். ஆபீசர் தன்னைத்தான் கும்பிடுகிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டினார்.

அவரோடு வந்த ஆள் நுரைத்த இடத்தில் சிவப்புச் சாயமும் நுரைக்காத இடத்தில் கறுப்புச் சாயமும் தடவிக்கொண்டே போனான். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற ஆட்டை மேய்க்க நான் பாறைப் பக்கம் போவது வழக்கம். ஒருநாள் போனபோது வடக்கு முனையிலும் சாயம் தடவி முடித்திருந்தார்கள். பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டேன். சிவப்பும் கறுப்பும் சிதறலாக இல்லை. கோடு கோடாக, பாறையின் நீளத்துக்கும் ஓடின. ஒரு சிவப்புப் பட்டை, பக்கத்தில் ஒரு கறுப்புப் பட்டை, மறுபடி சிவப்பு. கிண்ணக் குழி சிவப்பில் இருந்தது. நான் சுரண்டிய கீறல் இன்னும் தெரிந்தது. அது கறுப்புப் பட்டைக்கு நட்ட நடுவில் இருந்தது. இரண்டுக்கும் இடையில் ஒரு சேலை நீளம்கூட இல்லை.

"என்னம்மா பாக்கறே? ஈரத்துல கை வைக்காதே, பொத்துப்போகும்," என்றார் ஆபீசர், குடையின் கீழ் உட்கார்ந்தபடி.

"இந்தக் கறுப்புல ஏன் பொங்கல?"

"அது வேற பட்டை. பொங்காது."

"யாரு சொரண்டினாலும் பொங்காதா?"

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். பேச்சுத்துணை இல்லாமல் புழுங்கிக் கிடந்த மனிதர். கேட்டதற்கு மேலேயே சொன்னார்.

"யாரு சொரண்டினா என்ன? இதெல்லாம் ஒரு காலத்துல கடல்மா. கடலுக்கு அடியில படிஞ்ச சேறு. கொஞ்ச காலம் ஒரு மாதிரிச் சேறு படியும், அப்புறம் தண்ணி மாறும், வேற மாதிரிச் சேறு படியும். ஒண்ணுமேல ஒண்ணா ஏறி, புதைஞ்சு, பூமிச் சூட்டுல வெந்து கல்லாயிடுச்சு. அப்புறம் பக்கத்துலேருந்து நெருக்கின நெருக்குல, படுத்துக் கிடந்ததெல்லாம் எழுந்து நின்னுடுச்சு. பாயெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணாப் போட்டு, அந்த அடுக்கை அப்படியே குத்தா நிமிர்த்தினா மேல ஓரம் மட்டும் தெரியுமில்ல? அதுமேலதான் நீ நிக்கறே."

"எப்ப நடந்துச்சு இது?"

"மனுஷனை விடு. மீன்கூட உண்டாகாத காலம்." அவர் கறுப்புப் பட்டையைக் காலால் தட்டினார். "இதுல மெக்னீஷியம் ஜாஸ்தி. பொடியாச் சொரண்டிப்போட்டா என் ஆசிட்டுக்கே ஏதோ பேருக்கு நுரைக்கும். ரெண்டடிக்கு ஒரு பட்டை இப்படி வந்துடுது, சனியன். சிமெண்டுக்கு ஆகாது."

ஆகாது. என்னைச் சொன்ன அதே சொல். ஆனால் அவர் கல்லைச் சொன்னார்; கல்லைப் பற்றித் தெரிந்து சொன்னார். மீன்கூட இல்லாத காலத்தில் ஏதோ ஒரு கடலின் தண்ணீர் கொஞ்சம் மாறியதும், ஒரு நாள் காலையில் எவனோ ஒருவனுக்கு வயிறு கலங்கியதும் சேர்ந்து என் பிள்ளையின் வாயிலிருந்து என்னைப் பிடுங்கிவிட்டன. இதைத் தாயின் உத்தரவு என்று சூடம் காட்டினார்கள். சகதிக்குக் காட்டிய சூடம். எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் அருவருப்பாக இருந்தது, உள்ளேயிருந்து எதையோ காறித் துப்ப வேண்டும்போல.

ஆட்டை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். உறியிலிருந்த எலுமிச்சம்பழங்களை எடுத்தேன். அரிவாளை எடுத்தேன். தவழ்ந்துகொண்டிருந்த மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தேன்.

"அத்தே, பாறைக்கு வாங்க."

"எதுக்கு?"

"பாலு பாக்க."

"ரெண்டாந்தரம் கேக்கக் கூடாதுத்தா."

"ஆபீசரு தெனம் நூறு தடவ கேக்குறாரு. பாறை கோவிச்சுக்கிட்டா அவர என்ன செஞ்சுச்சு?"

என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, கூடவே வந்தார். கிண்ணக் குழியில் சுரண்டிப் பிழிந்தேன். நுரைத்தது. அரிவாளை அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்க பெத்த பிள்ளைக்கெல்லாம் வயிறு நெறயப் பாலு குடுத்தவுக. நான் சொரண்டின எடத்துல நீங்க சொரண்டுங்க."

அவர் கறுப்புப் பட்டையில் உட்கார்ந்து சுரண்டினார். அவரே பழத்தைப் பிழிந்தார். சாறு ஊறி, பொடி ஈரமாகிக் கிடந்தது. இன்னொரு பழத்தையும் பிழிந்தார். பழத்தோலைச் சக்கையாகும் வரை நசுக்கிப் பார்த்தார்.

"ஆபீசரு மருந்த ஊத்தி எடத்தக் கெடுத்துப்புட்டான்," என்றார்.

"அன்னைக்கு மருந்து ஊத்தலையே அத்தே."

அரிவாளைச் சேலையில் துடைத்தார். எழுந்து முழங்காலில் ஒட்டிய வெள்ளையைத் தட்டிவிட்டார். பிறகு, பக்கத்து வீட்டுக்காரி கேட்ட உப்பைக் கொடுக்கச் சொல்வதுபோலச் சொன்னார்:

"சரி விடு. இப்ப யாரு வேணாங்குறா? குடு பிள்ளைக்கு."

அவ்வளவுதான். இத்தனை மாதப் பூவும் காய்ச்சலும் எறும்பும் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டன. நான் அங்கேயே, பாறைமேலேயே உட்கார்ந்தேன். பட்டப்பகல்; கொஞ்சம் தள்ளி ஆபீசரின் ஆள் சாய டப்பாவோடு போய்க்கொண்டிருந்தான். எனக்கு வெட்கம் வரவில்லை. ரவிக்கையைத் தளர்த்தி மகளை அணைத்துக்கொண்டேன்.

அவள் வாயை வைத்தாள். இரண்டு முறை இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. தலையைப் பின்னுக்கு இழுத்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உதட்டைச் சுழித்து, மூக்கைச் சுருக்கி, விளக்கெண்ணெய் கொடுத்தால் காட்டுகிற முகத்தைக் காட்டினாள். நான் மறுபடி அணைத்தேன். அவள் என் நெஞ்சில் கையை ஊன்றித் தள்ளிக்கொண்டு திரும்பி, பாட்டியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.